நான் போட்ட கோடு

"ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"சிரிக்கக் கூடாது."

"நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்கி எவன் சிரிப்பான்?"

"இதுக்கப்புறம் நீங்க என்னைப் பார்க்கக் கூடாது."

"உன்னைப் பார்க்காம யாரைப் பார்க்கறது? இந்த வார்டுல இருக்கறதுலயே நீதான் சின்னப் பொண்ணு."

"விளையாடாதீங்க. எதைச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும். எடுத்ததுக்கப்புறம் அந்த இடத்தை நீங்க பார்க்கக் கூடாது. எப்பவுமே. நான் சட்டை மாத்தறப்போ உள்ள வரக் கூடாது. தூங்கறப்போகூட எட்டிப் பார்க்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

இவர் கட்டில் கம்பியில் உரிந்திருந்த வெள்ளைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு அதுதான் நிம்மதின்னா சரி. சத்தியம்" என்றார்.

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. அன்று அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். ஸ்டாப் இல்லாத இடத்தில் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. ஒரு மழை நாளில் நானே நடுரோட்டில் நின்று கை காட்டினேன். கட்டிய பெண்டாட்டி என்றும் பார்க்காமல், அடுத்த ஸ்டாப் வரை என்னை ஓடவிட்டு, அங்கே ஒழுங்காக நிறுத்தி, கதவைத் திறந்து, "ஏறுங்கம்மா, சீக்கிரம்" என்றவர். அப்படிப்பட்ட மனுஷரிடம் சத்தியம் வாங்கினால் அது கருங்கல்லில் வெட்டியதுதான். அழிக்க வேண்டும் என்று பிறகு நினைத்தாலும் அழியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். படுக்கையறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியை, நான் கேட்டுக்கொண்டபடி, கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். தன் வீட்டு அறைக்குள் தானே வருவதற்கு முன்னால் வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். என் நாத்தனார் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

"உன் வீட்டுக்காரன் ஹார்ன் அடிக்கிறான், போய் வழி விடு."

நாத்தனார் எங்களுக்குத் துணையாக வந்து மூன்று மாதம் ஆகிறது. இவருக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, ஓயாத வாய். அவருக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எதிரி ஜன்னல்.

"ஜன்னலைத் திறந்தா சளி பிடிக்கும். சளி பிடிச்சா காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தா கரண்ட் வைக்க மாட்டாங்க."

கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் வீட்டில் கரண்ட் என்று பெயர். மொத்தம் இருபத்தைந்து நாள். சனி, ஞாயிறு விடுமுறை.

"நான் வெந்துபோறேன் அண்ணி."

"வேகறது உள்ள. ஜன்னல் இருக்கறது வெளிய. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

வேகிறது உள்ளேதான். மாதம் ஒரு தடவை வயிற்றில் ஓர் ஊசி, தினம் ஒரு மாத்திரை. உடம்பில் ஹார்மோன் ஊறாமல் நிறுத்திவைப்பதற்கு. "அந்த நோய்க்குத் தீனியே அதுதான், தீனியை நிறுத்தறோம்" என்றார் டாக்டர். மாத்திரை மட்டும் ஐந்து வருஷம். நிறுத்தியது தீனியை மட்டுமா என்று எனக்குச் சந்தேகம். நாற்பத்தைந்து வயதில் படுத்தவள் எழுபது வயதில் எழுந்த மாதிரி இருந்தது. காலையில் விரல்கள் மடங்கியபடியே நிற்கும். வெந்நீரில் அரைமணி நேரம் முக்கிவைத்தால்தான் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க வரும். பிறகு அந்தச் சூடு. முதுகுத்தண்டின் அடியில் யாரோ அடுப்பு மூட்டுவார்கள். அது கழுத்துக்கு ஏறி, காது மடலுக்கு ஏறி, உச்சியில் போய் நிற்கும். இரண்டே நிமிஷத்தில் சட்டை நனைந்து, அடுத்த நிமிஷம் குளிரில் பல் கிட்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. வெளியே ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? அடுப்பும் கூடவே ஓடிவரும்.

கரண்ட் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னலே கிடையாது. ஒரு முழம் கனமுள்ள கதவு. பலகைமேல் படுத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். உடம்பில் ஊதா மையால் கோடுகள் போட்டிருந்தார்கள். சுவரிலிருந்து வரும் சிவப்பு வெளிச்சக் கோடு அந்த மைக்கோட்டின்மேல் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். விழுந்ததும் அந்த டெக்னீஷியன் பெண், "அசையாதீங்கக்கா, மூச்சு மட்டும் சாதாரணமா விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போவாள். கதவு மூடும். எல்லோருமே வெளியே ஓடிவிடும் அளவுக்கு ஆபத்தான ஓர் இடத்தில் நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பேன். அப்போதுதான் மூக்கு அரிக்கும். அப்போதுதான் அடுப்பும் பற்றும்.

வியர்வையில் அந்த மைக்கோடுகள் மங்கின. சோப்பு போடக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் போடவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. ஆனால் பதினாறு நாள் முடிந்து வந்த சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வெயில் கொளுத்தியது. அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் கைக்கண்ணாடியில் பார்த்தபோது, நெஞ்சுக்கு நடுவில் இருந்த கோடு நூல் மாதிரி மெலிந்திருந்தது. விலாப்பக்கத்துக் கோடு காணவே இல்லை. சட்டையின் உள்பக்கத்தில் ஊதாக் கறையாக ஒட்டிக்கிடந்தது.

அழிந்தால் உடனே போன் பண்ணச் சொல்லி ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் கோடு போடுவது என் தொழில்.

யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் நான் துணி வெட்டுபவள். பள்ளிப் பிள்ளைகள், நர்சுகள், காவலாளிகள், இவரைப் போல பஸ் டிரைவர்கள் எல்லோருக்கும். பதினெட்டு வருஷமாக அளவெடுத்து, கோடு போட்டு, வெட்டுகிறேன். அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. கத்தரி என்பார்கள். என் கோடு மேல் கத்தி வைத்தால் கால் அங்குலம்கூட வீணாகாது என்று முதலாளியே சொல்வார். அப்படிப்பட்டவளுக்கு, தன் உடம்பில் ஒரு கோடு போடத் தெரியாதா?

கதவைத் தாழ்போட்டேன். கைப்பையிலிருந்து டேப்பையும், துணியில் குறி வைக்கும் ஊதாப் பேனாவையும் எடுத்தேன். காறை எலும்பிலிருந்து இத்தனை, நடுக்கோட்டிலிருந்து இத்தனை என்று மிச்சமிருந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் பண்ணி, நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, விலாவில் ஒரு கோடு இழுத்தேன். விரல் வலித்தது, ஆனால் கோடு நடுங்கவில்லை. எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் சிவப்பு வெளிச்சத்தைப் போட்டாள். என்னைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். கீழே நகர்த்தினாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என் விலாவையே பார்த்தார்கள்.

"அக்கா, இந்தக் கோடு யார் போட்டது?"

"ஏன்?"

"நாங்க போட்ட மாதிரி இல்லையே. எங்க கோடு இவ்வளவு நேரா இருக்காது."

"நான்தாம்மா போட்டேன். அழிஞ்சுபோச்சு. நான் டெய்லரிங்தான், அளவெல்லாம் சரியா எடுத்துதான்…"

"நின்னுக்கிட்டு போட்டீங்களா?"

"ஆமா."

"கையைக் கீழே விட்டுக்கிட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் முதல் நாளே சொல்வது ஒன்று உண்டு: அளவெடுக்கும்போது ஆளை நேராக நிற்க வை, கையைத் தொங்கவிடச் சொல், கை தூக்கினால் அளவெல்லாம் ஏறிப்போகும். பதினெட்டு வருஷப் பாடம். இங்கே படுத்துக்கொண்டு, கையைத் தூக்கி வைத்தபோது, என் அழகான கோடு என் தோலோடு சேர்ந்து ஒன்றரை விரல் அளவு மேலே ஏறியிருந்தது.

"நல்லவேளை, பார்த்தோம்" என்றாள் அந்தப் பெண். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்கி கரண்ட் வைக்க முடியாதுக்கா. திரும்ப ஸ்கேன் எடுத்து, புதுசா குறி வைக்கணும். ஒரு நாள் தள்ளிப்போகும். இனிமே அழிஞ்சா போன் பண்ணுங்க. துணி போனா வேற துணி எடுக்கலாம்."

புதிய கோடு போட என் கையைத் தூக்கிப் பிடித்தவள் சட்டென்று நின்றாள்.

"எரிச்சலுக்குக் கொடுத்த மருந்தை யார் போட்டு விடறாங்க?"

"நானேதான்."

"முன்பக்கம் நல்லாதான் இருக்கு. அக்குளுக்குப் பின்னாடி மருந்தே படல. உங்களால எட்டாது. கண்ணுக்கும் தெரியாது. அங்க கறுத்து, தோல் கிழியற மாதிரி இருக்கு, ரெண்டு இடத்துல நீர் கோத்துக்கிட்டு நிக்குது. வலிக்கலையா?"

வலித்தது. ஒரு வாரமாகச் சட்டைத் துணி பட்டாலே உயிர் போயிற்று. எதில்தான் வலி இல்லை என்று விட்டிருந்தேன்.

"அது திறந்துக்கிட்டா டாக்டர் நிறுத்தி வைக்கச் சொல்லிடுவாரு. நடுவுல நிறுத்தறது நல்லதில்லக்கா, இத்தனை நாள் பட்டதுக்கெல்லாம் அர்த்தம் வேண்டாமா? வீட்டுல யாராவது பார்த்து போட்டு விடணும். இன்னிக்கே. உங்க வீட்டுக்காரர் வெளியதானே உட்கார்ந்திருக்காரு? கூப்பிட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்!"

நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த பேனா விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுத்தார் இவர். நாள் முழுவதிலும் எனக்குக் காற்று கிடைப்பது இந்த இருபது நிமிஷம்தான். வழக்கம்போல ஓட்டுகிறவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவன் ஓட்டறது பஸ்ஸா, மாட்டு வண்டியா? பிரேக்கைப் பாரு, குடலே வெளிய வருது." பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "இன்னிக்கி ஏன் ரெண்டு மணி நேரம்?"

"மெஷின் ரிப்பேர்."

"அப்படியா."

என் கையில் மடித்து வைத்திருந்த அட்டையில் இருபத்தைந்தாம் நாளின் தேதி அடிக்கப்பட்டு, ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தது. இவர் அதைப் பார்த்தார். சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் இப்படி இல்லை. முன்பெல்லாம் கண்ணாடியில் பின்பக்க வண்டியைப் பார்ப்பதுபோல ஒரு நாளைக்கு நூறு தடவை என்னைப் பார்ப்பார். நான் அதைக் கிண்டல்கூடப் பண்ணுவேன்.

நாலு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். தோல் எரிச்சலைவிட, எலும்பு வலியைவிட. சத்தியத்தை இவர் காப்பாற்றுவது எனக்காகவா, இல்லை அது இவருக்கும் வசதியாகப் போய்விட்டதா? பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டதால் பிழைத்தோம் என்று உள்ளுக்குள் நினைக்கிறாரோ? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை. பூட்டியவள் நான். சாவி என்னிடம்தான் இருக்கிறது. திறந்தால் அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது?

அன்று பிற்பகல் கம்பெனிக்கு அரைநாள் போனேன். நாலு அடுக்குத் துணி விரித்து வைத்திருந்தார்கள். குறி வைத்தேன். கத்தரியைப் பிடித்தேன். விரல் மடங்கியது, நிமிரவில்லை. அதோடு அடுப்பும் மூண்டது. இஸ்திரி போடும் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கத்தரி, உன் தலைமேல துணியை வெச்சா இஸ்திரி பொட்டி இல்லாமலே சுருக்கம் போயிடும் போல இருக்கே" என்று சொல்லிக்கொண்டே மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். சிரித்தேன். கத்தரியைக் கீழே வைத்தேன். அன்று வேறொருத்திதான் வெட்டினாள், என் கோட்டின்மேல். கோடு சரியாகத்தான் இருந்தது. துணி ஒன்றும் கையைத் தூக்குவதில்லையே.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டார்.

"என்ன நடை அது, றெக்கை ஒடிஞ்ச கோழி மாதிரி? அக்குளுக்குக் கீழ எரியுதா? காட்டு, நான் மருந்து போடறேன்."

"வேண்டாம் அண்ணி, நானே போட்டுக்கறேன்."

"உனக்கு முதுகுலயா கை முளைச்சிருக்கு?"

"பார்த்தா அழுவீங்க. அழுதா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணுவீங்க."

"பண்ணுவேன்தான்" என்று ஒப்புக்கொண்டார். மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. என் தம்பி சின்ன வயசுலயே அப்படித்தான். இங்கயே நில்லு, வரேன்னு எங்கம்மா சொல்லிட்டு மறந்துபோயிட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் அதே இடத்துல நின்னான். கால் வீங்கிப்போச்சு. ஏன்டா வரலன்னா, நீங்க வரச் சொல்லலையேங்கறான். அவன்கிட்ட நில்லுன்னு சொன்னவங்கதான் வான்னும் சொல்லணும். உங்களுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஹால்ல அவன் எப்படிப் படுத்திருக்கான்னு நீ பார்த்ததில்ல. மின்விசிறி இருக்கறது ஜன்னல் பக்கம். இவன் தலை வெச்சிருக்கறது உன் கதவு பக்கம்."

நான் அறைக்குள் போனேன். விளக்கைப் போடாமல், எப்போதும்போல இருட்டிலேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். ஏழு பொத்தானுக்குப் பத்து நிமிஷம். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. அடுப்பு மெல்ல மூண்டது.

வாசலில் இருமல் கேட்டது. ஒன்று. இரண்டு.

தினமும் ஏழு மணிக்கு இது நடக்கும். மருந்து ட்யூபை இவர் ஃபிரிட்ஜில் வைத்திருப்பார், எரியும் தோலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. கதவு ஒரு சாண் திறக்கும். முகத்தை ஹால் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். கை வெளியே போகும். கதவு மூடும். அடித்தளத்துக் கதவைவிட மெதுவாக, அதைவிடக் கனமாக.

கை நீண்டது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதன் நடுவில் குளிர்ந்த ட்யூப்.

நான் வாங்கவில்லை.

"இந்தா" என்றார் வெளியிலிருந்து. "வாங்கிக்கோ. சூடாயிடும்."

"மெஷின் ரிப்பேர் இல்ல."

"தெரியும்."

"கோடு அழிஞ்சுபோச்சு. நானே போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்."

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டா" என்றார். "புண்ணாயிருக்குன்னும் சொன்னா. யாராவது பார்த்து போடணுமாம்."

"ஏன் என்கிட்ட கேட்கல?"

"நான் எப்படிக் கேட்கறது?" அவர் குரல் சுவரில் பட்டு வந்தது. "நீ ஒண்ணு சொன்னே. நான் சரின்னேன். அக்காவைப் போடச் சொல்லலாம்னு பார்த்தா, நீ விட மாட்டே. நாலு மாசமா இந்தக் கதவை எத்தனை தடவை…" இருமினார். மூன்றாவது இருமல். அது ஹார்ன் இல்லை.

நான் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்கள் விறைத்திருந்தன, நன்றாகப் பிடிக்க வரவில்லை. ஆனால் அவர் இழுத்துக்கொள்ளவில்லை. மற்ற கையால் சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன்.

"உள்ள வாங்க."

வந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு விபத்தும் பண்ணாத டிரைவர், மூன்றடி தூரத்தில் இருந்த கட்டிலில் முழங்காலை இடித்துக்கொண்டு, "அம்மா!" என்றார். வெளியே அண்ணி, "என்னடா, டமால்னு?" என்று கேட்டார்.

கட்டிலின் விளிம்பில் அவரை உட்கார வைத்தேன். முன்னால் நின்றேன். மூடிய இமைகளுக்குக் கீழே அவர் கண்மணி அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. என் தொண்டைவரை அடுப்பு எரிந்தது. சட்டையைத் தோளிலிருந்து இறக்கினேன். காற்று பட்டு எரிந்தது. இடது கையை, ஆஸ்பத்திரியில் தூக்குவது போலவே, தலைக்கு மேலே தூக்கினேன்.

"கண்ணைத் திறங்க" என்றேன். "என்னைப் பார்த்து போட்டு விடுங்க."